கூனியின் முதுகும் குழந்தைகளின் அரங்கும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரொன்றில் மாற்றுத்திறன் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அது வைத்தியருக்கும் சமூக சேவை அலுவலருக்கும் உரிய விடயமல்லவா என்று கேட்போரும் உளர். ஆனால், ஒரு பிள்ளை தன்னோடு படிக்கும் இன்னொரு பிள்ளையின் உடலை எந்தக் கண்கொண்டு பார்க்கிறது என்பதை முதலில் தீர்மானிப்பவை அது கேட்ட சொல்லும், கதையும், பார்த்த நாடகமுமே ஆகும். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பதோடு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கும் நான் இதனை நாளாந்தம் காண்கிறேன். ஆகவே, சிறு பிள்ளைகளுக்கு நாடகத்தின் வழியாகவும் ஏனைய ஆக்கக் கலைகளின் வழியாகவும் மாற்றுத்திறன் பற்றி எதனைக் கற்பிக்கலாம், எதனைக் கற்பிக்கக்கூடாது என்பது பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலிற் சொல்லை நோக்குவோம். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். 'குருடன் யானை பார்த்த கதை' என்கிறோம். 'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு' என்கிறோம். இவற்றைச் சொல்லும்போது எவரையும் நோகச் செய்யும் எண்ணம் எமக்கில்லை. எனினும், காது கேளாமை என்றால் விளங்காமை, கண் தெரியாமை என்றால் அறியாமை, கால் வழங்காமை என்றால் சாட்டுச் சொல்லல் என்ற சமன்பாடுகள் ஐந்து வயதிலேயே பிள்ளையின் மனத்திற் பதிந்துவிடுகின்றன. அங்கவீனர் என்ற சொல்லை விட்டு வலது குறைந்தோர் என்றோம். பின்னர் விசேட தேவையுடையோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். இம்மாற்றங்கள் நல்லெண்ணத்தின் வெளிப்பாடுகள். ஆயினும், பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே கதை மாறவில்லையென்றால் பிள்ளைகள் புதிய சொல்லையும் பழைய தொனியிலேயே சொல்லப் பழகிவிடுவார்கள்.

அந்தக் கதை என்ன? எங்கள் அரங்க மரபிலேயே அதற்கு ஒரு சான்று இருக்கிறது. தமிழில் நொண்டி நாடகம் என்றொரு வகையே உண்டு. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் ஆகியன அவ்வகையிற் பெயர்பெற்றவை. அவற்றின் கதையமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தவறான வழியிற் பொருளிழந்த ஒருவன் குதிரை திருடப் போய் அகப்படுகிறான். தண்டனையாக அவனுடைய உறுப்புத் துண்டிக்கப்படுகிறது. பின்னர் நல்லோர் வழிகாட்ட இறையருளை நாடி இழந்த உறுப்பை மீண்டும் பெறுகிறான். சுவையும் எள்ளலும் நிறைந்த நாடகங்கள் அவை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ஊனம் என்பது பாவத்தின் சம்பளம், அது நீங்கினாற்றான் கதை முடியும் என்ற இரண்டு கருத்துக்கள் அங்கே ஒருசேரக் கிடக்கின்றன. இன்றும் தரம் மூன்று பிள்ளைகளிடம் நடக்க முடியாத ஒரு சிறுவனைப் பற்றி நாடகம் ஆக்கச் சொன்னால், பத்துக் குழுக்களில் எட்டுக் குழுக்கள் இறுதியில் முருகப்பெருமானையோ ஒரு வைத்தியரையோ கொண்டுவந்து அவனை எழுந்து ஓடச் செய்துவிடுகின்றன. நொண்டி நாடகத்தை அப்பிள்ளைகள் படித்ததில்லை. எங்கள் பேச்சிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் அந்த முடிவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவ்வேளைகளில் நான் அவர்களிடம் ஒன்றையே கேட்பேன்: "அவன் நடக்காமலே கதையை முடிக்கலாமோ?" வகுப்பு அமைதியாகிவிடும். உண்மையான நாடகம் அந்த அமைதியிலேதான் தொடங்குகிறது.

இனிக் கூனியின் கதைக்கு வருவோம். மந்தரையை எல்லோரும் அறிவோம். கூத்து மேடையிலும் பாடசாலை நாடகத்திலும் முதுகில் ஒரு துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் வந்தாற் சபை சிரிக்கும். வளைந்த முதுகும் வளைந்த மனமும் ஒன்றென்று அங்கே காட்டப்படுகிறது. ஆனால், கம்பர் அவளுடைய கோபத்துக்கு ஒரு காரணத்தை வைத்திருக்கிறார். முன்னொரு நாள் இராமன் விளையாட்டாக வில்லிலிருந்து எய்த மண்ணுருண்டை அவளுடைய முதுகிற் பட்டது. அந்த நோவை அவள் மறக்கவில்லை. காவியத்தில் இது ஓரிரு வரிகளிற் கடந்துபோகும் செய்தி. சிறுவர் அரங்கிலோ இது ஒரு முழு நாடகத்துக்குப் போதுமானது.

இதனை நான் வகுப்பிற் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை இராமனாகவும், நால்வர் அவனுடைய தோழர்களாகவும், ஒருத்தி மந்தரையாகவும் நின்றார்கள். கடதாசிப் பந்துதான் மண்ணுருண்டை. முதுகில் மூட்டை கட்டவில்லை; நிமிர்ந்தே நடக்கும்படி சொல்லியிருந்தேன். பந்து பட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவ்விடத்திற் காட்சியை உறையவைத்து, மந்தரையாக நின்ற பிள்ளையிடம், "இப்ப நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்து, "நொந்தது பறவாயில்லை சேர். எல்லாரும் சிரிச்சது தான்" என்றாள். பின்னர் தோழர்களாக நின்றவர்களைக் கேட்டபோது ஒருவன், "இராமன் சிரிச்சவர், அதுதான் நாங்களும் சிரிச்சனாங்கள்" என்றான். கேலி எப்படிப் பரவுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த உளவியல் நூல் சொல்லும்? அடுத்து, காட்சியை மீண்டும் தொடக்கத்திலிருந்து நடித்து, அந்த நால்வரில் ஒருவர் வேறு விதமாக நடந்துகொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தோம். ஒருவன் பந்தை எடுத்து ஒளித்தான். ஒருத்தி மந்தரையிடம் போய்ப் பேச்சுக்கொடுத்தாள். இராமாயணத்தைத் திருத்துவது நோக்கமன்று. சிரிப்பின் பக்கம் நிற்பதும் நில்லாமல் விடுவதும் தன்னுடைய தெரிவு என்பதைப் பிள்ளை தன் உடலால் அறிந்துகொள்வதே நோக்கம்.

எங்கள் மரபில் மறுபக்கமும் உண்டு. இரட்டைப்புலவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் வழங்காது. காணாதவரின் தோளில் நடவாதவர் ஏறிக்கொள்ள, ஊரூராகச் சென்றார்கள் என்று கதை சொல்கிறது. வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொல்லப் பிற்பாதியை மற்றவர் முடிப்பாராம். தில்லைக் கலம்பகம் போன்ற நூல்கள் அவர்கள் பெயரால் நிலைத்திருக்கின்றன. இக்கதையை நடித்தபின் பிள்ளைகளிடம், "இதில் உதவி செய்தவர் யார், உதவி பெற்றவர் யார்?" என்று கேளுங்கள். விடை வராது. அந்த விடை வராமையே பாடம். இருவர் சேர்ந்து ஒரு வசனத்தைப் பாதி பாதியாகச் சொல்லி முடிக்கும் விளையாட்டாகவும் இதனை ஆக்கலாம்.

அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும் இங்கே குறிப்பிடவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசு பெற்றார் என்பது மரபு. முதுகில் எழுத்துக்களை எழுதுவித்தே அவர் எழுத்தறிந்தார் என்பர். இச்செய்தியை வைத்து நான் பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தி, ஒருவர் முதுகில் மற்றவர் விரலால் எழுத்தை எழுதவும், அவர் அதை வாசிக்கவும் செய்வதுண்டு. 'ழ'கரம் எழுதும்போது கூச்சத்தாற் சிரிப்பு எழும். ஆனால், தோலாலும் வாசிக்கலாம் என்பதை ஒரு பாடவேளைக்குள் அவர்கள் அறிந்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து பிறெயில் எழுத்துக்குப் போவது எளிது. பிறெயில் என்பது ஆறு புள்ளிகள். நிரலுக்கு மூன்றாக இரண்டு நிரல்கள். அவற்றை வைத்து 63 வடிவங்களை ஆக்கலாம். ஆறு பிள்ளைகளை அதே ஒழுங்கில் நிறுத்துங்கள். எழுந்து நிற்பவர் புள்ளி, குந்தியிருப்பவர் வெற்றிடம். இடப்புறத்து முதற்பிள்ளை மட்டும் எழுந்தால் அது 'அ'. அதே நிரலின் மூன்றாவது பிள்ளையும் எழுந்தால் 'க'. அவ்விருவரோடு வலப்புறத்து முதற்பிள்ளையும் எழுந்தால் 'ம'. பறை ஒலிக்கேற்ப எழுந்தும் இருந்தும் எழுத்துக்களை மாற்றும்போது அது ஒரு நடனமாகவே ஆகிவிடுகிறது. இவ்வாறே சைகை மொழியில் ஒவ்வொருவரும் தம்மைக் குறிக்க ஓர் அடையாளத்தைப் பழகலாம். கைதட்டுவதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி அசைத்துப் பாராட்டலாம். செவிப்புலனற்றோர் பாராட்டும் முறை அதுவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மாற்றுத்திறன் பற்றிக் கற்பிக்கிறோம் என்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வதும், காலைக் கட்டிவிட்டுப் படியேறச் சொல்வதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய பாவனைப் பயிற்சியிற் கலந்துகொண்டவர்களுக்கு அச்சமும் இயலாமை உணர்வும் கூடியதேயன்றி, மாற்றுத்திறனாளிகளோடு பழகும் விருப்பம் கூடவில்லை என்று காட்டியது. காரணம் வெளிப்படை. கண்ணைக் கட்டிய பிள்ளை முதல் ஐந்து நிமிடத்துத் தடுமாற்றத்தை மட்டுமே அறிகிறது. பல ஆண்டுகளாகப் பார்வையின்றி வாழ்ந்து, வெள்ளைப் பிரம்போடு சந்தைக்குப் போய்வரும் ஒருவருடைய தேர்ச்சியை அது அறிவதில்லை. இல்லாமையை நடிப்பது வேறு. இருக்கும் திறனைப் பழகுவது வேறு. முதுகெழுத்தும் பிறெயில் நடனமும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

சிறு பிள்ளைகளுக்குக் கேள்விகள் பல உண்டு. அவற்றைக் கேட்கக்கூடாது என்று நாங்கள் அவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம். இக்கேள்விகளுக்கு இடங்கொடுக்கும் கலை பாவைக்கூத்து. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்குப் பெருந்தொகையாக வரத்தொடங்கினர். அச்சூழலில் 1977இல் பார்பரா அயெல்லோ என்ற விசேட கல்வி ஆசிரியை 'கிட்ஸ் ஒன் த புளொக்' என்னும் பாவைக்குழுவைத் தொடங்கினார். மூளைவாதத்துடன் சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவன் ஒருவன் அக்குழுவின் முதற்பாவை. நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களாகிய பிள்ளைகள் அந்தப் பாவையிடம் நேரே கேள்வி கேட்பார்கள். மனிதரிடம் கேட்கக் கூசுவதைப் பாவையிடம் கேட்கலாம்.

பழைய காலுறையொன்றிற் பொத்தானைக் கண்ணாகத் தைத்து, ஐஸ்கிறீம் குச்சியிற் செயற்கைக் கால் செய்து நாங்களும் ஒரு பாவையை உருவாக்கினோம். "நித்திரை கொள்ளேக்கயும் காலைப் போட்டிருப்பியோ?" "மழை பெய்தால் துருப்பிடிக்குமோ?" "உன்ர அம்மா அழுவாவோ?" என்று கேள்விகள் வந்தன. பதில்களை நான் கற்பனை செய்யவில்லை. போரிற் காலிழந்து ஜெய்ப்பூர் கால் பொருத்தியிருக்கும் பெற்றோர் ஒருவரிடம் முன்னரே கேட்டறிந்து, பாவையை இயக்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவரே ஒருநாள் வந்து, பாவையின் பக்கத்தில் அமர்ந்து மிகுதிக் கேள்விகளுக்கு விடை சொன்னார். எங்கள் மண்ணில் இது வெறும் பாடவிடயமன்று என்பதை நேயர்கள் அறிவீர்கள். போர் 2009இல் முடிந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் தகப்பனின் வெற்றுச் சட்டைக் கையையும் மாமியின் ஊன்றுகோலையும் பார்த்தபடியே வளர்கிறார்கள். வீட்டிற் கேட்க முடியாத கேள்வியை அவர்கள் எங்கே கேட்பது? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழப் பன்னிருவரில் ஒருவருக்கு, ஏதோவொரு வகையான இயலாமை இருந்தது. அந்தப் பன்னிரண்டாமவர் எங்கள் வகுப்பிற் காணப்படவில்லையென்றால், அவர் எங்கே என்றல்லவா முதலிற் கேட்கவேண்டும்!

அவர் வகுப்பில் இருக்கும்போது என்ன செய்வது? ஒரு முறை கிளித்தட்டை நாடகப் பயிற்சியாக எடுத்தேன். காலிற் சட்டம் பொருத்திய ஒரு சிறுவன் ஓரத்தில் நின்றான். "எதை மாத்தினால் இவரும் விளையாடலாம்?" என்று மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் நடந்தே விளையாடுவோம் என்றான் ஒருவன். இவருக்கு மட்டும் மூன்று தரம் அடிபட்டாற்றான் ஆட்டமிழப்பு என்றாள் ஒருத்தி. ஓரத்தில் நின்றவன் பொறுமையிழந்து, "அப்பிடியெண்டால் அது விளையாட்டே இல்லை. என்னைக் கோட்டில நிண்டு மறிக்க விடுங்கோ. என்ர கை நீளம்" என்றான். அவனைக் கேட்காமல் அவனுக்காக விதி செய்ய முற்பட்டவர்களுக்கு அவனே விடை சொல்லிவிட்டான். அன்று அவனைக் கடந்து போனவர்கள் குறைவு.

இன்னொரு நிகழ்ச்சி, நான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில் நடந்தது. வாணிவிழாவுக்கு மகிடாசுர வதம் நாடகம். தரம் நான்கிற் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவளைச் சரஸ்வதியாக இருத்தி, பட்டுச் சேலையால் நாற்காலியை மூடிவிடலாம் என்று ஆசிரியர்கள் அன்போடு தீர்மானித்தார்கள். "சேர், எனக்குச் சரஸ்வதி வேண்டாம். அவ சும்மா இருக்கிறவ. நான் மகிடாசுரன்" என்றாள் அவள். "பாவம், இந்தப் பிள்ளைக்கு அசுர வேசமோ?" என்று சிலர் வருந்தினர். கூனியின் முதுகைத் தீமையின் அடையாளமாக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே உடலைப் பார்த்துப் பாத்திரம் கொடுக்கப்படுகிறது. இங்கே, எந்தப் பிள்ளையையும் போல, பிடித்த பாத்திரத்தை அவளே கேட்டுப் பெற்றாள். நாற்காலிக்கு மட்டைக் கொம்புகள் முளைத்தன. அது அசுரனின் தேராயிற்று.

ஆனால், மேடைக்கு நான்கு படிகள். தூக்கி ஏற்றலாம் என்றார்கள். "எல்லாரும் நடந்து ஏறேக்க என்னை மட்டும் தூக்க வேண்டாம்" என்றாள். மீண்டும் அதே கேள்வியை வகுப்பிடம் விட்டேன். "மேடையை இறக்குவம் சேர்" என்றான் ஒரு சிறுவன். அவ்வளவுதான். நாடகம் முற்றத்துக்கு வந்தது. சபை சுற்றிவர இருந்தது. மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரி எங்கள் கூத்துக்குரியதல்லவா? படியேறிப் போகும் படச்சட்ட மேடைதானே பின்வந்தது! அசுரன் தேரில் வந்து சுழன்றபோது முன்வரிசைச் சிறுவர்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அவன் மாண்டபோது பலத்த கரகோஷம் எழுந்தது. அன்று அவளைப் பார்த்து எவரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. அசுரனைப் பார்த்து யார் பாவம் என்பார்?

மறுநாள் நூலகத்தின் படிகள் இருந்தபடியே இருந்தன. அவள் கீழே காத்திருக்க, தோழியர் புத்தகங்களை எடுத்துவந்து காட்டினார்கள். பிள்ளைகளால் மேடையை இறக்க முடியும். நூலகத்தை இறக்க முடியாது. அது பெரியவர்களாகிய எங்களுடைய வேலை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் இந்நாட்டில் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் எட்டாவது உறுப்புரை, சின்ன வயது முதலே எல்லாப் பிள்ளைகளிடமும் இவ்வுரிமைகளை மதிக்கும் மனப்பாங்கை வளர்க்கவேண்டும் என்கிறது. முப்பதாவது உறுப்புரை, பாடசாலை விளையாட்டுக்களில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் சமமாகப் பங்குகொள்ள வேண்டும் என்கிறது. சிறுவர் அரங்கு செய்யக்கூடியது இந்த எழுத்துக்களுக்கு உயிர் கொடுப்பதே.

அதற்கு வேண்டிய முன்னோடிகள் எமக்குண்டு. 1978இல் யாழ்ப்பாணத்திற் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழியில் வளர்ந்த சிறுவர் அரங்கு, பிள்ளையை வசனம் ஒப்பிக்கும் கிளியாக அன்றிக் கூடி விளையாடும் ஆளாகக் கண்டது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' என்ற நாடகத்தின் பெயரே ஒரு கொள்கைப் பிரகடனம் எனலாம். தென்னிலங்கையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுனேரா மன்றம், மாற்றுத்திறனுள்ளோரையும் ஏனையோரையும் ஒரே களப்பயிற்சியிற் சேர்த்து நாடகங்களை உருவாக்கி வந்திருக்கிறது. எங்கள் பாடசாலைகள் இவ்விரு அனுபவங்களையும் இணைத்துப் பார்க்கவேண்டும். தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்கள், நடிகர்களைத் தெரிவு செய்யும்போது நடையையும் குரலையும் மட்டும் பாராது, வகுப்பின் ஓரத்தில் நிற்பவரிடம் "நீர் என்னவாக வர விரும்புகிறீர்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

நேயர்களே, இரக்கம் நல்ல குணந்தான். ஆனால், இரக்கப்படுபவர் எப்போதும் ஒரு படி மேலேயே நின்றுகொள்கிறார். விளையாட்டுத் தோழனுக்கு அந்தப் படி தடையாக இருக்கிறது. அதனால் அவன் அதை அகற்றப் பார்க்கிறான். எங்கள் பிள்ளைகள் அரங்கிலிருந்து வீடு திரும்பும்போது "அவர்கள் எவ்வளவு பாவம்" என்ற பெருமூச்சோடு திரும்பவேண்டாம். "எதை மாற்றினால் எல்லோரும் விளையாடலாம்?" என்ற கேள்வியோடு திரும்பட்டும். அந்தக் கேள்வியை அவர்கள் எங்களிடம் கேட்கும் நாளில் விடை சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருப்போமாக.